மரப்படகுக்குச் சாயமா, வார்னிஷா?

பினாங்கின் தெலுக் பாஹாங்கில் நிற்கும் எங்கள் மரப்படகின் வெளிப்புறத்துக்கு இந்த முறை சாயமே (பெயிண்ட்) பூசினோம். அண்ணன் கடைசி வரை வார்னிஷ்தான் வேண்டும் என்றார். அவர் பக்க நியாயத்தையும் எழுதுகிறேன். ஆனால் என் கட்சி சாயம்.

அழகில் வார்னிஷை மிஞ்ச ஒன்றுமில்லை. செங்கால் என்ற மலேசியக் கடின மரப் பலகையின் பழுப்பும் ரேகையும் அப்படியே எழுந்து நிற்கும். விலையில் பேச அதிகமில்லை. எதை வாங்கினாலும் கடலுக்கென்றே தயாரித்ததை வாங்க வேண்டும், அவ்வளவுதான். நீர்மட்டத்துக்குக் கீழே பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் தடுக்கும் பூச்சுதான், அதில் விவாதமே இல்லை.

என்னைச் சாயத்தின் பக்கம் திருப்பியது பராமரிப்பு. பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கேதான் இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயில் உச்சியிலிருந்து இறங்குகிறது. வார்னிஷ் ஒளியை உள்ளே விடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் கலந்திருந்தாலும், ஒரு பங்கு மரத்தைத் தொட்டுவிடும். மரநார்களைப் பிணைத்திருக்கும் லிக்னினை அது சிதைக்கும். மேலே பூச்சு பளபளத்துக்கொண்டிருக்கும்போதே அடியில் மரம் பிடியை விட்டுவிடும். சாயத்தில் உள்ள நிறமி ஒளியை மறித்துவிடுகிறது. காலப்போக்கில் சாயம் வெளிறித் தூளாக உதிர்ந்தாலும், அதுவரை அடிபடுவது சாயம்தான், மரமல்ல.

உரசலையும் பாருங்கள். படகுகள் நெருக்கியடித்து நிற்கும் துறையில் கீறல் விழாமல் இருக்காது. சாயம் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு கொடுத்து, மேலே ஒரு பூச்சு போட்டால் போதும். வார்னிஷில் கீறல் விழுந்தால் அதன் வழியே நீர் புகுந்து, முதலில் ஓரம் வெளுக்கும். பிறகு ரேகையோடு கறுப்பு ஓடும். அந்தக் கறுப்பை மறைக்க வழியில்லை. வெறும் மரம் தெரியும் வரை சுரண்டி, நீர்க்கச் செய்த முதல் பூச்சில் தொடங்கி ஆறேழு பூச்சு ஏற்ற வேண்டும். இடையிடையே 320 எண் உப்புத்தாள்.

இதற்கெல்லாம் வறண்ட நாள்கள் வேண்டுமே! இங்கே நம்பிக்கையோடு வேலை செய்ய ஜனவரியும் பிப்ரவரியும்தான் தோது. சாயம் பூசிய படகு அடுத்த ஜனவரி வரை பொறுத்துக்கொள்ளும். திறந்த வெயிலில் நிற்கும் வார்னிஷ் சில மாதங்களிலேயே புதுப்பூச்சு கேட்கும். அதைத் தள்ளிப்போட்டால் செப்டம்பர், அக்டோபர் மழை முந்திக்கொள்ளும். வாரம் முழுவதும் வேலைக்குப் போய்விட்டு ஞாயிறன்று மட்டும் படகைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கால அட்டவணை ஒத்துவராது.

அண்ணன் சொன்ன ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடியவில்லை. வார்னிஷ் எதையும் ஒளிக்காது. மரம் உளுத்துப்போகத் தொடங்கினால் நிறமே காட்டிக்கொடுக்கும். சாயத்துக்கு அடியில் இற்றுப்போனாலும் வெளியே தெரியாது. ஆகவே படகைக் கரையேற்றும்போதெல்லாம் கத்திப்பிடியால் பலகை பலகையாகத் தட்டிப் பார்க்கிறேன். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிக்கும் இடத்தைச் சுரண்டிப் பார்த்துவிட வேண்டும்.

நிறத்தில் வெள்ளையே மேல். கரும்பச்சையும் கருநீலமும் வெயிலை இழுத்துப் பலகையைக் காயவைக்கும். பலகைப் பொருத்துகள் வாய் பிளந்து, நீர் புகாமல் அவற்றில் அடைத்த கலப்பத்து தளரும்.

இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் சாயத்தை நான் பயன்படுத்தியதில்லை. அது மிகவும் கெட்டியாக இறுகும். பலகை பலகையாகக் கட்டிய படகு ஊறியும் உலர்ந்தும் அசைவதால், பொருத்துகளில் அது வெடிக்கும் என்பதை எண்ணித்தான் தவிர்த்தேன். ஒட்டுப்பலகைப் படகு வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தலாம்.

சுக்கான் கைப்பிடிக்கு மட்டும் வார்னிஷ் போட்டோம். அதைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விடுகிறோம், வெயிலில் கிடப்பதில்லை. அண்ணனுக்கும் அதில் சம்மதம்.