பிந்திப் பழுத்த பேட்டரை என்ன செய்வது? ஹூஸ்டன் போன வழியும் டொரான்டோ போன இரண்டு வழிகளும்

28, 29 வயது வரை பெஞ்சிலும் மைனர் லீகிலும் (பெரிய லீகுக்குக் கீழ்மட்டப் போட்டிகள்) காலம் தள்ளிய ஒருவர் திடீரென்று ஹோம் ரன்களாக, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, அடித்துத் தள்ளுகிறார். பேஸ்பால் ரசிகர்களைப் பிரித்துப் போட இது ஒன்றே போதும். நீண்ட ஒப்பந்தம் போட்டு உடனே வளைத்துக்கொள் என்று ஒரு கட்சி சொல்லும். இது ஒரு வருடப் பளபளப்பு, விலை இருக்கும்போதே வேறு அணிக்குக் கொடுத்துவிடு என்பது இன்னொரு கட்சி. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாமே என்று மூன்றாவது கட்சியும் உண்டு. இப்படி ஒருவர் எழுகிற நேரத்தில் ஹூஸ்டனும் டொரான்டோவும் எடுத்த மூன்று முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசை. நான் முதல் கட்சி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன், போகப் போகச் சொல்கிறேன்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கே மைக்கேல் ஹஸ்ஸி நினைவுக்கு வரலாம். அவர் 30 வயதில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். ஆனால் அது வேறு கதை. முதல்தரப் போட்டிகளில் 15,000 ரன்களுக்கு மேல் குவித்துவிட்டு, அணியில் இடம் காலியாகக் காத்திருந்தவர் அவர். நான் சொல்லும் பேட்டர்கள் அதுவரை உண்மையிலேயே சுமாராக ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஆட்டமே மாறிய பிறகு எழுந்தார்கள்.

முதலில் ஹூஸ்டன். 2013-ல் அந்த ஊர் அணியான ஆஸ்ட்ரோஸ் 111 ஆட்டங்களில் தோற்றது. அந்த அணியிலேயே ஜே.டி. மார்ட்டினெஸுக்கு நிலையான இடம் இல்லை. 86 ஆட்டங்களில் சராசரி .250 (நான்கு முறை முயன்றால் ஒரு முறைதான் அடி கைகூடியது), ஹோம் ரன் 7. சீசன் முடிந்ததும் கலிஃபோர்னியாவுக்குப் போய், கிரெய்க் வாலன்ப்ராக், ராபர்ட் வான் ஸ்கோயக் என்ற இரண்டு தனிப் பயிற்சியாளர்களிடம் ஸ்விங்கை அடியிலிருந்து மாற்றிக் கட்டினார். மட்டையை மேலிருந்து வெட்டுகிற மாதிரி இறக்கிய பழக்கம் போய், வருகிற பந்தின் பாதையிலேயே மட்டையைக் கொண்டுபோய்த் தூக்கி அடிக்கும் பழக்கம் வந்தது. 2014 மார்ச் பயிற்சி ஆட்டங்களில் அவருக்குக் கணக்கில் வந்த வாய்ப்பு 18 முறை மட்டை பிடித்ததுதான். மார்ச் 22-ம் தேதி அணி அவரை விடுவித்தது. வேறு அணிக்கு மாற்றி யாரையாவது வாங்கிக்கொள்ளவும் இல்லை, சும்மா அனுப்பிவிட்டார்கள்.

இரண்டே நாளில் டெட்ராய்ட் டைகர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் அவரை எடுத்தது. அதன் மைனர் லீக் அணியான டொலீடோவில் 17 ஆட்டங்களில் 10 ஹோம் ரன் அடித்தார், ஏப்ரல் முடிவதற்குள் மேலே அழைக்கப்பட்டார். அந்த வருடம் .315 சராசரி, 23 ஹோம் ரன். அடுத்த வருடம் 38. ஹூஸ்டன் ரசிகர்களை அதிகம் சுட்டது 2018 அக்டோபராக இருக்கும். பாஸ்டன் சட்டையில் வந்த மார்ட்டினெஸ், அமெரிக்கன் லீக் இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் பந்துவீச்சாளர் ஜஸ்டின் வெர்லாண்டரின் பந்தில் ஹோம் ரன் அடித்தார். அந்த ஆட்டத்தோடு ஆஸ்ட்ரோஸின் வருடம் முடிந்துபோனது.

இந்த முடிவை நான் மன்னிக்க மாட்டேன். புள்ளிவிவரத்தை நம்பியதில் தப்பில்லை, அந்த அணி அதை வைத்துத்தான் 2017-ல் கோப்பையே வென்றது. ஆனால் பழைய ஸ்விங்கின் எண்களை வைத்துப் புது ஸ்விங்குக்குத் தீர்ப்பு எழுதினார்கள். 111 தோல்வி கண்ட அணிக்கு ஒரு இளம் ஆட்டக்காரரை இரண்டு மாதம் ஆடவிட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? சம்பளமும் சொற்பம்தான்.

அப்புறம் டொரான்டோ. ஜோசே பௌட்டிஸ்டா 2004 என்ற ஒரே வருடத்தில் ஐந்து அணிகளின் பட்டியலில் இருந்தவர். 2008 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அவரை டொரான்டோவின் ப்ளூ ஜேஸ் அணிக்கு அனுப்பியது. பதிலுக்குப் போனவர் ராபின்சன் தியாஸ் என்ற கேட்சர். அப்போது அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2009 ஆகஸ்டில் அலெக்ஸ் ரியோஸை சிகாகோ வைட் சாக்ஸ் வெய்வர் வழியாக எடுத்துக்கொண்டது. வெய்வர் என்றால், அணி கைவிடத் தயாராக இருக்கும் ஆட்டக்காரரை மற்ற அணிகள் அவருடைய சம்பளத்தோடு எடுத்துக்கொள்ளும் வழி. ரியோஸ் போனதால் அவுட்ஃபீல்டில் ஒரு இடம் காலியானது, பௌட்டிஸ்டாவுக்குத் தினமும் ஆட வாய்ப்பு வந்தது. ஹூஸ்டன் கொடுக்காதது இதுதான்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் சீட்டோ கேஸ்டனும் பேட்டிங் பயிற்சியாளர் டுவேய்ன் மர்ஃபியும் அவருடைய குறையைப் பிடித்தார்கள். கை தாமதமாகக் கிளம்புகிறது, அதனால் வேகப்பந்து அவரைத் தாண்டிப் போகிறது. காலைத் தூக்குவதையும் மட்டையை எடுப்பதையும் மிக முன்னாலேயே தொடங்கச் சொன்னார்கள். கடைசி மாதத்தில் 10 ஹோம் ரன் வந்தது. 2010-ல் 54! அதற்கு முன் ஒரு சீசனில் அவர் அடித்த அதிகபட்சம் 16, மொத்தமாகவே 59.

இங்கே பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தபூலஸ் முன் மூன்று வழிகள் இருந்தன. சம்பள மத்தியஸ்தத்துக்கு (இரு தரப்பும் சொல்லும் தொகையில் ஒன்றை நடுவர் தேர்ந்தெடுப்பது) போய் ஒரு வருடத்துக்கு மட்டும் பணம் கொடுத்து இன்னொரு சீசன் பார்க்கலாம். அணி 76 லட்சம் டாலர் என்றது, அவர் தரப்பு 1 கோடியே 5 லட்சம் கேட்டது. ஆனால் மறுபடி நன்றாக ஆடிவிட்டால், 2011 முடிந்ததும் அவர் எந்த அணிக்கும் போகலாம். இரண்டாவது வழி, உச்சத்தில் இருக்கும்போதே விற்பது. சந்தேகப்பட்டவர்கள் கையில் வலுவான உதாரணமும் இருந்தது. பால்டிமோரின் பிரேடி ஆண்டர்சன் 1996-ல் 50 ஹோம் ரன் அடித்தவர், மற்ற எந்த வருடத்திலும் 24-ஐத் தாண்டவில்லை. மூன்றாவது வழி நீண்ட ஒப்பந்தம். 2011 பிப்ரவரியில் ஐந்து வருடத்துக்கு 6.5 கோடி டாலர் என்று கையெழுத்தானது.

பலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த வருடமே 43 ஹோம் ரன், .302 சராசரி, 132 வாக் (தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்குப் போவது). 2012-ல் மணிக்கட்டுக் காயத்தால் 92 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது, அதிலும் 27. 2015-ல் 40. டெக்சஸுக்கு எதிராக மட்டையை வீசி எறிந்த அந்த அக்டோபர் ஹோம் ரன்னும் இதே ஒப்பந்தத்துக்குள் வந்ததுதான்.

அதே அணியில் எட்வின் என்கார்னசியோனின் கதை நேர்மாறு. 2009-ல் ஸ்காட் ரோலனைக் கொடுத்தபோது சின்சினாட்டியிலிருந்து வந்தவர். மூன்றாவது பேஸில் எறிதல் மோசம். 2010-ல் 21 ஹோம் ரன் அடித்தும், அந்த நவம்பரில் அவரை வெய்வரில் விட்டார்கள், ஓக்லாண்ட் எடுத்துக்கொண்டது. சில வாரங்களில் ஓக்லாண்டும் ஒப்பந்தம் தராமல் விட, டிசம்பரில் டொரான்டோவே திரும்ப வாங்கியது. மூன்றாவது பேஸிலிருந்து மெல்ல விலக்கி முதல் பேஸிலும் அடிக்க மட்டும் இறங்கும் இடத்திலும் வைத்தார்கள். 2012-ல் 42 ஹோம் ரன் அடித்தார். அந்த சீசன் நடுவிலேயே மூன்று வருடத்துக்கு 2.7 கோடி, நான்காவது வருடம் அணியின் விருப்பம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2016-ல் 42 ஹோம் ரன், 127 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்கள்).

விலையை மட்டும் வைத்தால் என்கார்னசியோன் ஒப்பந்தம்தான் மலிவு, சந்தேகமே இல்லை. பல ரசிகர்கள் அதையே சிறந்த முடிவு என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓக்லாண்ட் அவரை வைத்துக்கொண்டிருந்தால் டொரான்டோ கையில் ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அது அதிர்ஷ்டம் திருப்பிக் கொடுத்த சொத்து. பௌட்டிஸ்டா விஷயத்தில் அணி தன் கண்ணால் பார்த்துத் துணிந்தது. என்ன மாறியது, யார் மாற்றினார்கள், எந்த மாதத்திலிருந்து மாறியது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். என் நிபந்தனை இதுதான்: காரணம் தெரிந்தால் சீக்கிரம் பணத்தைப் போடு.

கிறிஸ் டேவிஸ் விஷயத்தில் பால்டிமோர் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 27 வயதில், 2013-ல் 53, பிறகு 2015-ல் 47 அடித்தார். எண்களைப் பார்த்தால் பௌட்டிஸ்டாவுக்குக் குறைவில்லை. 2016 ஜனவரியில் ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் கொடுத்தார்கள். 2018-ல் சராசரி .168, ஒப்பந்தம் முடியும் முன்பே ஓய்வு. 2015-ல் அவர் 208 முறை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி வெளியேறுவது) ஆகியிருந்தார். பௌட்டிஸ்டா 2011-ல் 111 முறைதான், அதைவிட வாக் அதிகம். அடிக்க வேண்டிய பந்து எது, விட வேண்டிய பந்து எது என்று தெரிந்த பேட்டர் வயதானாலும் ஓரளவு தாக்குப்பிடிப்பார் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது என் கவனமெல்லாம் பிரென்ட் ரூக்கர் மேல். மினசோட்டா, சான் டியேகோ, கான்சாஸ் சிட்டி என்று சுற்றி, 2022 நவம்பரில் வெய்வர் வழியாக ஓக்லாண்டின் ஏ'ஸ் அணிக்கு வந்தார். 28 வயதில் 30 ஹோம் ரன், அடுத்த வருடம் 39. 2025 ஜனவரியில் ஐந்து வருடத்துக்கு 6 கோடி டாலர் கொடுத்தார்கள். 14 வருடங்களுக்கு முன் 30 வயது பௌட்டிஸ்டாவுக்குக் கொடுத்ததை ஒட்டிய தொகை, அதே வயது. முதல் வருடத்தில் 30 ஹோம் ரன் வந்துவிட்டது. ஆனால் ரூக்கர் பெரும்பாலும் அடிக்க மட்டும் இறங்குபவர். பௌட்டிஸ்டா அடிக்காத நாட்களில் வலது ஃபீல்டிலிருந்து அவருடைய எறிதல் கைகொடுத்தது. ரூக்கருக்கு மட்டை ஒன்றுதான். அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் நான் முதலில் பார்க்கப்போவது அவருடைய ஹோம் ரன் கணக்கை அல்ல, ஸ்ட்ரைக் அவுட் கணக்கைத்தான்.