பந்தல் திராட்சைக்கு வேமா, சூடோமோனாஸா, ஜீவாமிர்தமா?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழத்துக்குப் பெயர் வந்துவிட்டது. பந்தலுக்கு அடியில் இருக்கும் மண்தான் பாவம்: கவாத்துக்குக் கவாத்து (கொடியை வெட்டிவிடும்போதெல்லாம்) டி.ஏ.பி. என்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம், அடிச்சாம்பல் என்ற இலை நோய் வந்தால் மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. செம்பு மட்கிப் போகிற பொருள் இல்லை, மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட தோட்டத்துக்கு இப்போது "நுண்ணுயிர் போடுங்க, பழம் நிறம் பிடிக்கும்" என்று பாக்கெட் பாக்கெட்டாக வருகிறது. எதை வாங்குவது?

முதலில் வேம், அதாவது வேர் உட்பூசணம். இருப்பதில் எனக்கு அதிக நம்பிக்கை இதன் மேல்தான். திராட்சை வேர் தடிமனானது, வேர்த்தூவிகள் குறைவு. அதனால் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் தேடிப் பிடிக்க இந்தப் பூசண இழைகளை அது நிறையவே நம்பியிருக்கிறது. பூசணத்துக்குக் கூலி, கொடி தரும் சர்க்கரை. ஆனால் இதைப் போடுவதற்கு ஒரு நேரம் உண்டு. நடவுக்குழியில், இளவேரில் படும்படி செடிக்கு 50 கிராம் போட்டால் பிடித்துக்கொள்ளும். பத்து வருடக் கொடியின் தூரைச் சுற்றி மேலாகத் தூவினால் பெரும்பாலும் காசுக்குக் கேடு. இன்னொன்று, மண்ணில் மணிச்சத்து மிதமிஞ்சிக் கிடந்தால் கொடியே பூசணத்தை அண்ட விடாது. வேமையும் டி.ஏ.பி.யையும் ஒரே குழியில் போடுவது, ஆளை வேலைக்கு வைத்துவிட்டு அந்த வேலையை நாமே செய்வது மாதிரி.

காய்க்கிற தோட்டம் என்றால் போட்டி சூடோமோனாஸுக்கும் டிரைக்கோடெர்மா விரிடிக்கும்தான். டிரைக்கோடெர்மா ஒரு நல்ல பூசணம்; மண்ணில் உள்ள கெட்ட பூசணத்தைச் சுற்றி வளைத்துத் தின்னும். வேரழுகலுக்கு இதுதான் சரி. எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் காயாமல் சில நாள் நிழலில் வைத்துப் பெருக்கிவிட்டுப் போட வேண்டும். வெறும் பொடியைக் காய்ந்த மண்ணில் வீசினால் அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. சூடோமோனாஸ் பாக்டீரியா. வேரிலும் வாழும், லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலையிலும் தெளிக்கலாம். இலை நோய் தலைகாட்டும் முன்பே அடித்தால் பலன் உண்டு. மழைக்காலத்தில் அடிச்சாம்பல் பரவிய பிறகு இதை மட்டும் நம்பி உட்கார்ந்தால் குலை போய்விடும்.

இரண்டுக்கும் பொதுவான தொல்லை நம் மருந்து டேங்க்தான். போர்டோவோடு சூடோமோனாஸைக் கலந்தால் பாக்டீரியா செத்துவிடும். கார்பெண்டசிம் என்ற பூசணக்கொல்லி ஊற்றிய மண்ணில் டிரைக்கோடெர்மா தேறாது. மருந்துக்கும் நுண்ணுயிருக்கும் நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

ஜீவாமிர்தம்? 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு பிடி மண். செலவு குறைவு, மண்ணுக்குத் தீனியும் கிடைக்கிறது. ஆனால் எந்த உயிர் எத்தனை கோடி இருக்கிறது என்பது டிரம்முக்கு டிரம் மாறும். குறிப்பிட்ட ஒரு நோய்க்கு இதை மருந்தாகச் சொல்ல என்னால் முடியாது. சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரச் செடிகளைப் போட்டு மடக்கி உழுவதும் இதே வகைதான். பந்தல் நிழலில் அவை சரியாக வளராது என்பதால், கவாத்து முடிந்து வெயில் தரை வரை விழும் சில வாரங்களே அதற்கு வாய்ப்பு.

சரி, பழத்தின் தரம்? 2014இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள், திராட்சைச் சாற்றில் உள்ள நுண்ணுயிர்க் கூட்டம் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதைக் காட்டினார்கள். அது ஒயினுக்கான சாறு. நம் பன்னீர் திராட்சையில் நிறத்தையும் இனிப்பையும் முதலில் தீர்மானிப்பவை குலை எண்ணிக்கை, இலையில் படும் வெளிச்சம், சாம்பல் சத்து (பொட்டாசியம்). நுண்ணுயிர் வேரைத் தெம்பாக வைத்து அதற்குத் துணை நிற்கும், அவ்வளவுதான். தழைச்சத்தை (நைட்ரஜன்) அள்ளிக் கொட்டி இலையை அடர்த்தியாக்கிவிட்டுப் பாக்கெட்டைக் குறை சொல்லக் கூடாது.

என் தேர்வு: புது நடவுக்கு வேம், காய்க்கும் தோட்டத்துக்கு டிரைக்கோடெர்மா ஏற்றிய தொழுவுரம், கையில் காசு மிஞ்சினால் சூடோமோனாஸ். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், வெயிலில் கிடந்த பாக்கெட் வேண்டாம். அப்புறம், இரண்டு வரிசைக்கு மட்டும் நுண்ணுயிர் எதுவும் போடாமல் விட்டு, அறுவடையன்று இரு பக்கப் பழத்தையும் ரிஃப்ராக்டோமீட்டரில் (சாற்றின் இனிப்பை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள்.