பலகையில் மீனின் பெயர் இல்லையா? பிரிட்டனில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

மத்திய லண்டனிலும் கடற்கரை ஊர்களிலும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பி நடக்கும் சில ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் முக்கிப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்) கடைகளைப் பற்றிய பதிவு இது. பெரும்பாலான சிப் கடைகள் நேர்மையானவைதான். திரும்ப வரப்போகும் அக்கம்பக்கத்து ஆட்களை நம்பிப் பிழைக்கும் கடையில் ஏமாற்று அதிக நாள் செல்லாது. இனி உங்களைப் பார்க்கவே போவதில்லை என்று தெரிந்த கடையில்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு லண்டன் கடையில் நாலு பேர் கொண்ட தமிழ்க் குடும்பத்துக்கு வந்த பில் இது. வாசல் பலகையில் 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ் 15.95' என்று மட்டும் இருந்தது. நாலு தட்டுக்கு 63.80 பவுண்ட். கேட்காமலே மேசைக்கு வந்த டார்ட்டர் சாஸ் கிண்ணங்கள் நாலு, தலா 95 பென்ஸ் வீதம் 3.80. மசித்த பட்டாணி இரண்டு, 5 பவுண்ட். ஆக 72.60. அதன்மேல் 12.5 சதவீத சேவைக் கட்டணம் 9.08. கார்டில் கட்டியதற்கு 50 பென்ஸ். மொத்தம் 82.18 பவுண்ட். இவ்வளவு கொடுத்துச் சாப்பிட்ட மீனாவது இந்த உணவுக்கு வழக்கமாகப் போடும் காட் (cod) என்ற கடல் மீனா என்றால், அதுவும் இல்லை. பாசா.

பாசா என்பது வியட்நாம் பக்கம் வளர்க்கப்படும் ஆற்றுக் கெளுத்தி வகை. நம் ஊர் ஓட்டல்களிலும் 'ஃபிஷ் ஃபிங்கர்' என்ற பெயரில் ஏராளமாகப் புழங்குகிறது. சாப்பிடக் கூடாத மீன் ஒன்றும் இல்லை. ஆனால் கொள்முதல் விலையில் காட் மீனுக்குக் கிட்டவே வராது. மலிவு மீனை மாற்றி வைக்கும் இந்த ஆசை இப்போது ஏன் கூடியிருக்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. பிரிட்டிஷ் கடைகளுக்கு வரும் காட், ஹாடக் மீன்களில் பெரும்பகுதி நார்வே, ஐஸ்லாந்து, ரஷ்யப் பக்கத்துக் கடல்களில் பிடிபடுவது. 2022 இல் ரஷ்ய மீனுக்கு பிரிட்டன் 35 சதவீதம் கூடுதல் வரி போட்டது. அந்த இரண்டு நாடுகளுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் 2025 ஆம் ஆண்டுக்கான காட் பிடிப்பு அளவை நார்வேயும் ரஷ்யாவும் 3,40,000 டன்னாகக் குறைத்தன. 1991 க்குப் பிறகு அப்போது அதுவே மிகக் குறைவு. விலை தாறுமாறாக ஏறியது. நேர்மையான கடைக்காரர் பலகையில் விலையைக் கூட்டினார். மற்றவர் பலகையிலிருந்து மீனின் பெயரை எடுத்துவிட்டார்.

'காட்' என்று எழுதிவிட்டு வேறு மீன் கொடுத்தால் 1990 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெறும் 'ஃபிஷ்' என்று எழுதியவரிடம் போய் 'பொய் சொன்னாய்' என்று சண்டை பிடிப்பது கஷ்டம். ஆகவே காசு கொடுக்கும் முன் 'இது எந்த மீன்?' என்று கேளுங்கள். 'வெள்ளை மீன்', 'இன்றைய மீன்' என்பதெல்லாம் பதிலே இல்லை. காட், ஹாடக், ஹேக், போலக், கோலி, பிளேஸ் என்று ஏதோ ஒரு பெயர் வாயிலிருந்து வர வேண்டும். ஸ்காட்லாந்திலும் யார்க்‌ஷயரிலும் ஹாடக்தான் பிரதானம். அங்கே காட் இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டாம்.

தட்டில் வந்த பிறகு கண்டுபிடிப்பது எப்படி? மேலே இருக்கும் மாவை விலக்கிவிட்டு முள்கரண்டியால் லேசாக அழுத்துங்கள். காட் என்றால் பெரிய பெரிய இதழ்களாகப் பிரியும், நிறம் பளிச்சென்ற வெள்ளை. ஹாடக் இதழ் கொஞ்சம் சிறியது, சற்றே தித்திப்பு. பாசா இதழாகப் பிரியாது. நசுங்கும், தண்ணீர் விடும், கடல் மீனின் ருசி துளியும் இருக்காது. தோலோடு பொரித்திருந்தால் வேலை இன்னும் சுலபம். பக்கவாட்டில் ஓடும் கோடு வெளுப்பாக இருந்தால் காட், கறுப்பாக இருந்தால் ஹாடக். தோல் உரித்த துண்டு என்பதாலேயே திருட்டு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வடக்கே தோலுரித்துப் பொரிப்பதுதான் வழக்கம்.

இன்னொரு பெயர் விளையாட்டு 'ராக் சால்மன்'. ராக், ஹஸ் என்றும் எழுதுவார்கள். சால்மனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது சிறு சுறா. எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிப் கடைகளில் இப்படி விற்ற மீன்களை மரபணுச் சோதனை செய்து 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவை ஸ்பைனி டாக்ஃபிஷ் என்ற, ஐரோப்பியக் கடல்களில் அழியும் அபாயத்தில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட சுறா. சுறாப்புட்டுக்குப் பழகிய நமக்குச் சுறா என்றால் முகச்சுளிப்பு இல்லைதான். ஆனால் சால்மன் என்று நினைத்துக் காசு கொடுப்பது வேறு விஷயம்.

மீன் சரியானதாக இருந்தாலும் அளவில் கை வைக்கலாம். கடைக்காரர்கள் பொரிக்கும் முன் உள்ள எடையைத்தான் கணக்கு வைத்திருப்பார்கள்: சாதாரணத் துண்டு 6 அவுன்ஸ், அதாவது 170 கிராம், பெரியது 8 அவுன்ஸ், 225 கிராம் அளவில். 'எத்தனை அவுன்ஸ்?' என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் உடனே சொல்லுவார். தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று மயங்க வேண்டாம். நடுவில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். நல்ல துண்டில் மேல்மாவு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், மீனோடு ஒட்டியிருக்கும். மோசமான துண்டில் ஒரு சென்டிமீட்டர் மாவு, அதன் உள்பக்கம் வேகாமல் கொழகொழவென்று, நடுவே ஒரு வெற்றிடம், அதற்குள் விரல் தடிமனுக்கு மீன். பெரிய மிளகாய் பஜ்ஜியைக் கடித்தால் உள்ளே மிளகாயைத் தேட வேண்டியிருக்குமே, அதே கதை.

இந்தக் கொழகொழப்புக்குக் காரணம் மூன்று. ஒன்று, மீனைத் துடைத்து உலர்மாவில் புரட்டாமல் ஈரத்தோடு கரைசலில் முக்குவது. இரண்டு, எடை காட்டுவதற்காகக் கரைசலைக் கெட்டியாக வைப்பது. மூன்று, எண்ணெய் 180 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதே மீனைப் போடுவது. இதோடு நீரைப் பிடித்துவைக்கும் பாஸ்பேட் கரைசலில் ஊறிய, இருமுறை உறையவைத்த மலிவு மீனும் சேர்ந்தால் அது பொரியும்போது நீரைக் கக்கும். அந்த ஆவி மாவைத் தூக்கிவிடும். வெற்றிடம் வருவது இப்படித்தான்.

'ஃப்ரெஷ்' என்ற சொல்லுக்கும் அதிக மரியாதை கொடுக்க வேண்டாம். துறைமுகம் கண்ணுக்கு எதிரே இருந்தாலும் தட்டில் இருப்பது பெரும்பாலும் வடக்குக் கடல்களில் பிடிக்கும் கப்பலிலேயே வெட்டி உறையவைத்த மீன். அது மட்டமானது அல்ல. பிடித்த சில மணி நேரத்தில் உறைந்தது என்பதால் நாலு நாள் ஐஸில் கிடந்த 'ஃப்ரெஷ்' மீனைவிட நன்றாகவே இருக்கும். 'இன்று காலை நம் படகில் வந்தது' என்று கதை கட்டி இரண்டு மூன்று பவுண்ட் கூடுதலாக வாங்குவதுதான் தப்பு.

நேரத்தையும் கவனியுங்கள். காட் துண்டு பொரிய ஆறு முதல் எட்டு நிமிடம் பிடிக்கும். இரண்டே நிமிடத்தில் தட்டு வந்துவிட்டால் அது சூட்டுப் பெட்டியில் காத்திருந்தது. கூட்ட நேரத்தில் ஐந்து நிமிடம் இருந்ததென்றால் பரவாயில்லை. 63 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும், ஆனால் கால் மணி நேரத்திலேயே மாவு தளர்ந்துவிடும். மாலை நாலு மணி போன்ற மந்த நேரத்தில் இன்னொரு மோசடி நடக்கும்: மதியம் மிஞ்சியதை மறுபடி எண்ணெயில் முக்கி எடுப்பது. மேலே கரும்பழுப்பு, கடித்தால் பல் வலிக்கும் கெட்டி, உள்ளே நாராக உலர்ந்த மீன், காகிதம் முழுக்க எண்ணெய். புதிதாகப் பொரித்துத் தரச் சொல்லிக் காத்திருப்பதில் தப்பே இல்லை. நல்ல கடையில் அவர்களே 'ஐந்து நிமிடம் ஆகும்' என்று சொல்லுவார்கள்.

சிப்ஸ் கறுத்திருப்பதற்கு எப்போதும் பழைய எண்ணெய்தான் காரணம் என்று சொல்ல முடியாது. உருளைக்கிழங்கை அதிகக் குளிரில் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், பொரிக்கும்போது சீக்கிரம் கருகும். எண்ணெய் பழசு என்றால் நிறத்தைவிட மூக்குதான் முதலில் சொல்லும்: கடைக்குள் நுழைந்ததுமே கண்ணைக் கரிக்கும் புகை, சிப்ஸில் மீன் வாடை, நாக்கில் பிசுபிசுப்பு.

நம்மவர்களில் பலருக்கு இதையெல்லாம்விட முக்கியமானது அடுத்த சமாச்சாரம். யார்க்‌ஷயரிலும் வடக்கு, மத்திய இங்கிலாந்தின் வேறு சில பகுதிகளிலும் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில் (பீஃப் டிரிப்பிங்) பொரிப்பது பழைய வழக்கம். அங்கே அதைப் பெருமையாகவே எழுதிப் போட்டிருப்பார்கள், அது ஏமாற்று இல்லை. சிக்கல் எழுதிப் போடாத கடையில்தான். 'சிப்ஸ் வெறும் உருளைக்கிழங்குதானே' என்று சைவக்காரர்கள் வாங்கிவிடுகிறார்கள். காய்கறி சாசேஜும் பட்டாணி வடையும்கூட அதே தொட்டியில் பொரிந்திருக்கலாம். ஒவ்வாமை அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சட்டம் அறிவிக்கச் சொல்லும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் மாட்டுக் கொழுப்பு இல்லை. ஆறிய சிப்ஸில் வெள்ளையாக மெழுகு படிந்தால் மாட்டுக் கொழுப்பு என்று சிலர் சொல்வதும் நம்பத்தக்கதல்ல. பாமாயிலும் ஆறினால் அப்படித்தான் உறையும். கேட்பது ஒன்றே வழி. கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: 'பீஃப் டிரிப்பிங்கா, தாவர எண்ணெயா?' அடுத்து, 'சிப்ஸுக்குத் தனித் தொட்டியா, மீன் பொரிக்கும் அதே தொட்டியா?' முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டு நகர்ந்தவர்கள்தான் ஏமாந்திருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் நடத்தும் சிப் கடைகளும் உண்டு. அங்கே 'அண்ணை, என்ன எண்ணெயில பொரிக்கிறீங்கள்?' என்று நேராகவே கேட்டுவிடலாம்.

ஒவ்வாமை உள்ளவர்கள் மேலும் கவனிக்க வேண்டியவை: மேல்மாவில் கோதுமை, பீர் சேர்த்த மாவில் பார்லி, கறி சாஸில் கடுகும் செலரியும் இருக்கக்கூடும், வெட்டிய உருளைக்கிழங்கு கறுக்காமலிருக்கச் சல்ஃபைட் கரைசல். மூச்சிரைப்பு உள்ளவர்கள் சல்ஃபைட் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். மேசையில் இருக்கும் 'வினிகர்' பல கடைகளில் வினிகரே அல்ல. தண்ணீரில் அசிட்டிக் அமிலமும் கேரமல் நிறமும் கலந்தது. அதை வினிகர் என்று எழுதி வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஸ்கேம்பி (மாவில் பொரித்த இறால் போன்ற பண்டம்) வாங்கினால் முழு வாலா, அரைத்துச் சேர்த்த துண்டா என்று கேளுங்கள். விலை ஒன்றாகவே இருக்கும், பண்டம் ஒன்றல்ல.

இனி பில். பிரிட்டிஷ் வங்கிகளின் தனிநபர் கார்டுகளுக்குத் தனிக் கட்டணம் வாங்குவது 2018 ஜனவரி 13 முதல் தடை செய்யப்பட்டது. அப்படிப்பட்ட கார்டில் கட்டினால் அந்த 50 பென்ஸை நீக்கச் சொல்லுங்கள். (குறைந்தது இத்தனை பவுண்டுக்கு வாங்கினால்தான் கார்டு என்று சொல்ல மட்டும் கடைக்கு உரிமை உண்டு.) சேவைக் கட்டணம் 'விருப்பத்தின் பேரில்' என்று இருந்தால் தர மறுக்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். கட்டாயம் என்றால் அதைப் பலகை விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும். கடைசியில் ஒட்டும் கட்டாயக் கட்டணங்களுக்கு 2025 ஏப்ரல் 6 முதல் தடை. 'உட்கார்ந்து சாப்பிட்டால் வாட் வரி அதிகம்' என்ற சாக்கும் சூடான மீனுக்குச் செல்லாது. பொட்டலமாக வாங்கினாலும் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வரி 20 சதவீதம்தான். மேசைக்குக் கூடுதல் விலை வைக்கலாம், ஆனால் அதை முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். கேட்காமல் வைத்த சாஸ் கிண்ணத்தைத் தொடும் முன் விலை கேளுங்கள். இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களிடம் இயந்திரம் 'ரூபாயா, பவுண்டா' என்று கேட்டால் பவுண்டையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரம் வைத்திருப்பவர்கள் தீர்மானிப்பார்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கதவில் ஒட்டியிருக்கும் சுகாதார மதிப்பெண் 0 முதல் 5 வரை. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் அதை ஒட்டுவது கட்டாயம், இங்கிலாந்தில் கட்டாயமில்லை. ஒட்டாத கடை என்றால் உணவுத் தர முகமையின் (Food Standards Agency) தளத்தில் கடைப் பெயரைத் தேடினால் மதிப்பெண்ணும் சோதனை நடந்த தேதியும் வந்துவிடும்.

மீன் சரியில்லை என்று தெரிந்தால் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டு உடனே சொல்லுங்கள். முக்கால்வாசி தின்றுவிட்டுச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பண்டம் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். 'காட் என்று சொன்னீர்கள், இது காட் இல்லை. மாற்றிக் கொடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்பதற்குமேல் ஒரு வார்த்தை தேவையில்லை. குரலை உயர்த்தாதீர்கள், படம் எடுங்கள்: வாசல் பலகை, குறுக்கே வெட்டிய மீன், வரி வரியாக விவரம் உள்ள பில். கார்டு இயந்திரம் தரும் சிறு சீட்டில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும், அது போதாது. பணம் திரும்பாவிட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. அவர்கள் புகாரை வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் உள்ளூர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். சாப்பிட்ட தேதி, நேரம், 'எந்த மீன்' என்ற கேள்விக்குக் கவுண்டரில் வந்த பதில் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றையும்தான் முதலில் கேட்பார்கள்.