ஊதிப் பாத்தது ஒன்னு, பொட்டியில வந்தது வேற: ட்ரம்பெட் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

பேண்டுல ஊதுறவங்க, புள்ளைங்கள ட்ரம்பெட் கிளாஸ்ல சேத்து விட்டிருக்கவங்க யாராச்சும் மெட்ராஸ் போய் புது பீஸ் எடுக்கலாம்னு யோசனையில இருந்தா கொஞ்சம் பொறுங்க. எனக்கு 52,000 ரூவா போச்சு. சீட்டுப் போட்டு சேத்த காசு. கடை பேரு இங்க போடல, கேஸ் ஓடிக்கிட்டு இருக்கு, வக்கீலுக்குப் படிக்கிற நம்ம தெருப் பையன் "பேரப் போட்டா அவன் உங்க மேல திருப்பி விடுவான் அண்ணே"ன்னுட்டான். ட்ரம்பெட் கம்பெனி பேரும் வேணாம், செஞ்சவன் மேல ஒரு தப்பும் கெடையாது, வித்தவன் பண்ணின வேலை.

நான் தூத்துக்குடி. கோயில் பேண்டுல 22 வருஷமா ஊதுறேன், அதனால எனக்கு ட்ரம்பெட் தெரியும்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புதான் கவுத்துச்சு. என்கிட்ட இருந்தது வடக்க மீரட்ல, பேண்டு வாத்தியம் செய்யுற ஜாலி கோத்திப் பக்கம் செஞ்ச பீஸ், நம்மூரு பேண்டு செட்டுல பாதி பேரு கையில இருக்குறது அதுதான், அத யாரும் கேவலமா பேசாதீங்க, எத்தனையோ சப்பரத்துக்கு முன்னாடி அதுதான் ஊதிட்டுப் போயிருக்கு. ஆனா 14 வருஷம் ஆச்சு, வெரலால அமுக்குற மூணு வால்வுல மூணாவது, அமுக்குனா மேல வர யோசிக்குது, எண்ணெய் விட்டா ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் பழைய குருடி கதைதான். பனிமய மாதா திருவிழா ஜூலை 26 கொடியேத்தம், ஆகஸ்ட் 5 பெருவிழா, அதுக்குள்ள ஒரு நல்ல பீஸ் கைக்கு வந்துறணும்னு ஜூன் ரெண்டாவது வாரம் அக்கா மகனையும் கூட்டிக்கிட்டு ரயிலேறிட்டேன்.

கடை நல்லாத்தான் இருந்துச்சு. ஏசி, கண்ணாடி அலமாரி, உள்ள ஊதிப் பாக்க தனியா ஒரு சின்ன ரூம். தரையிலயும் டைல்ஸ் சுவத்துலயும் டைல்ஸ். அப்ப எனக்கு இது ஒறைக்கல, பாத்ரூம்ல பாடுனா எவனும் பெரிய பாடகர்தான், அந்த ரூம்ல தகர டப்பாவ ஊதுனாலும் கணீர்னுதான் கேக்கும். கடையில இருந்த பையன் நல்லா ஊதுவான், அத ஒத்துக்கணும், மொதல்ல அவனே எடுத்து மேல மேல ஏத்தி சத்தமா ஊதிக் காட்டுனான், நமக்கு வாய் பொளந்துருச்சு. அது பையனோட திறமை, ட்ரம்பெட்டோட தரம் இல்லன்னு அந்த நேரத்துல யாருக்குத் தோணும்.

ஆனா நானும் சும்மா வாங்கல, அதையும் சொல்லணும். என்னோட 7சி அளவு மவுத்பீஸ, அதான் வாய் வச்சு ஊதுற முனை, அத கர்ச்சீப்புல சுத்தி சட்டைப் பையில கொண்டு போயிருந்தேன். கடைக்காரன் குடுக்குற மவுத்பீஸ்ல ஊதிப் பாத்தா நாம மவுத்பீஸ பாக்குறோமா ட்ரம்பெட்ட பாக்குறோமான்னே தெரியாது. மூணு பீஸ் எடுத்து வச்சான். மூணையும் ஒரே மாதிரி ஊதினேன், மொதல்ல சத்தம் இல்லாம மெதுவா நீட்டி ஒரே ஸ்வரம், ஏன்னா சத்தமா ஊதினா எல்லா ஓட்டையும் மறைஞ்சிரும், மெதுவா ஆரம்பிக்கையில காத்து மட்டும் வந்து நாதம் லேட்டா வந்தா அங்கதான் சங்கதி இருக்கு. அப்புறம் மூணு வால்வையும் அமுக்கி அடி ஸ்வரத்துல இருந்து ஒவ்வொன்னா மேல. போன்ல சுருதி காட்டுற ட்யூனர் ஆப் வச்சுப் பாத்தேன். ஒன்னாவது மூணாவது வால்வு, இல்ல மூணு வால்வும் சேத்து அமுக்குற கீழ் ஸ்வரம் ரெண்டும் எந்த ட்ரம்பெட்லயும் சுருதி கொஞ்சம் தூக்கித்தான் அடிக்கும், அதுக்குத்தான் மூணாவது வால்வோட ஸ்லைடுல, அதாவது இழுத்துத் தள்ளுற குழாய்ல, வெரல் மாட்ட வளையம் வச்சிருக்கான், ஊதிக்கிட்டே வெளிய தள்ளி சரி பண்ணணும், அதனால அந்த ஸ்லைடு வழுக்கிட்டுப் போகணும். அதே மாதிரி மேல் கட்டத்துல வால்வே அமுக்காம ஊதுற ‘ஈ’ ஸ்வரம் சுருதி கொஞ்சம் எறங்கித்தான் நிக்கும், அது பொறவிக் குணம், அதுக்காக பீஸ வேணாம்னு வைக்கக் கூடாது.

மூணுல ரெண்டாவது பீஸ் அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு. மெதுவா ஊதினாலும் நாதம் ஒடனே பேசுது, மூணாவது ஸ்லைடு தொட்டா ஓடுது, வால்வு அமுக்கினா வெரலுக்குப் பின்னாடியே வருது. அக்கா மகன் போன்ல வீடியோ எடுத்தான், அத்தைகிட்ட காட்டணுமாம். அந்த வீடியோ மட்டும் இல்லன்னா இன்னைக்கு நான் பொலம்ப மட்டும்தான் செய்யணும்.

"இதையே குடுங்க தம்பி"ன்னேன். "சார் இது டெமோ பீஸ், பத்து பேரு வாய் வச்சது, உங்களுக்கு எதுக்கு, குடோன்ல இருந்து இதே மாடல் சீல் போட்ட பொட்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்"னான். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க, நம்ம மேல அக்கறை மாதிரியே இருக்குல்ல. குடோன்ல இருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. முத்துநகர் எக்ஸ்பிரஸ் புடிக்கணும், எக்மோர் போகணும், மணி ஓடுது. பொட்டி வந்துச்சு, டேப் ஒட்டியிருக்கு, மாடல் ஸ்டிக்கர் சரியா இருக்கு. "தொறந்து ஒருக்கா ஊதிப் பாத்துர்றேன்"னதுக்கு "சார் சீல் உடைச்சா வாரண்டி கார்டு ரெஜிஸ்டர் பண்றதுல பிரச்சனை வரும், வீட்ல போய் நல்ல நேரம் பாத்து தொறங்க"ன்னான். நல்ல நேரம் பாத்து! நம்மள எப்படி எடை போட்டிருக்கான் பாருங்க. 30,000 கையில குடுத்தேன், 22,000 ஜிபே. பில் கேட்டா "ஜிஎஸ்டி சேந்து ஏறும் சார், எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்"ன்னு ஒரு துண்டுச் சீட்டு, அதுல ‘ட்ரம்பெட் 1’, அவ்வளவுதான், சீரியல் நம்பர் இல்ல. இங்க தப்பு என் மேலதான், ரெண்டாயிரம் மூவாயிரம் மிச்சம்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு தொறந்தேன். பளபளன்னுதான் இருக்கு. வாய் வைக்கிறதுக்கு முன்னாடியே மூக்குல தட்டுச்சு. பழைய ட்ரம்பெட்டுக்குன்னு ஒரு வாடை உண்டு, எச்சியும் பித்தளையும் எண்ணெயும் சேந்து ஊறின வாடை, ஊதுறவன் வீட்ல பொண்டாட்டி புள்ளைங்களுக்குக் கூட தெரியும். புதுப் பொட்டியில அது எப்படி வரும்? ட்யூனிங் ஸ்லைட கழட்டிட்டு மவுத்பீஸ் சொருகுற குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தேன், உள்ள பச்சையும் கருப்புமா அழுக்கு அப்பிக் கெடக்கு. வெளிய தங்கம், உள்ள சாக்கடை.

அப்புறம் ஒவ்வொன்னா. மூணாவது ஸ்லைடு பாதி தூரம் வந்து நின்னுக்குது. என் மவுத்பீஸ சொருகினா ஆடுது, கடையில ஊதினப்போ கச்சிதமா ஒக்காந்த அதே மவுத்பீஸ். வால்வு எப்படின்னு பாக்க ஒரு சின்ன வேலை இருக்கு, மொத வால்வ அமுக்காம அதோட ஸ்லைட வெளிய இழுத்து அப்படியே புடிச்சுக்கிட்டு ஒரு நாலஞ்சு செகண்ட் கழிச்சு வால்வ அமுக்கணும், உள்ள காத்து கசியலன்னா ‘டப்’புனு சத்தம் வரும். என் மீரட் கெழவிகிட்ட கூட லேசா ஒரு ‘டப்’ உண்டு. இந்தப் புதுப் பொண்ணுகிட்ட ஒன்னும் இல்ல. வால்வுக்குள்ள ஏறி எறங்குற பிஸ்டன்தான் மாத்திப் போட்டிருக்காங்களோன்னு கழட்டி நம்பர் பாத்தேன், 1, 2, 3 எல்லாம் அதது எடத்துலதான் இருக்கு. தேஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான். ஊதினா மெதுவா பேச மாட்டேங்குது, காத்து பாதி எங்கயோ போகுது.

மறுநாள் ரிப்பேர் பாக்குற அண்ணாச்சிகிட்ட தூக்கிட்டுப் போனேன். அவரு ஊதக் கூட இல்ல. பெல்லுல, அதான் முன்னாடி விரிஞ்ச வாய்ல, வெட்டியிருந்த எழுத்து மேல கட்டை வெரல வச்சுத் தடவுனாரு. "வே, இது எங்க புதுசு? எழுத்து பூரா மழுங்கிப் போய்க் கெடக்கு பாரும், பஃபிங் போட்டு தேச்சு மேல லாக்கர் அடிச்சிருக்கான்"னாரு. லாக்கர்னா பித்தளை மேல அடிக்கிற பளபளப்புப் பூச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டுனாரு, லாக்கருக்கு அடியில கீறல், குழாய இணைக்கிற எடத்துல மறுபடி பத்த வச்ச ஈயம், பெல் ஓரத்துல ஒரு சொட்டைய தட்டி எடுத்த தடம். பஃபிங் போட்டா பித்தளையும் சேந்துதான் தேயும், தகடு மெலிஞ்சு போகும், நாதமும் மாறலாம், அதுதான் இதுல பெரிய கொள்ளை, பழச மறைக்கப் போயி ஒடம்பையே சீவிட்டான். ரெண்டாவது வால்வு உருளையில இருக்குற சீரியல் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்து படிக்கவே முடியல.

அக்கா மகன்தான் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்துட்டு "மாமா இங்க பாருங்க"ன்னான். கடையில நான் ஊதினதுல மூணாவது ஸ்லைடு வளையத்த வெரலுக்குத் தக்கன நகத்தி திருகு வச்சு முடுக்கலாம். வீட்ல இருக்குறதுல வளையம் அப்படியே பத்த வச்சிருக்கு, நகராது. அதாவது அதே மாடலே கெடையாது! பழைய மாடல் ஒன்ன தேச்சு மெருகு போட்டு புது மாடல் பொட்டிக்குள்ள வச்சு டேப் ஒட்டிட்டான்.

போன் பண்ணினேன். மொதல்ல "சார் புது வால்வு கொஞ்சம் டைட்டா இருக்கும், ஊத ஊத செட் ஆயிரும்". நான் சொல்றது லூஸா இருக்குன்னு, அவன் டைட்டுங்குறான். அடுத்து "ட்ரெயின்ல எங்கயாச்சும் தட்டிருக்கும்". நாலாவது தடவ ஓனரே பேசுனாரு, "சார் வாய் வச்சு ஊதின பொருள ரிட்டன் எடுக்க மாட்டோம், ஹைஜீன் பாருங்க"ன்னாரு. எனக்கு சிரிக்கவா அழவான்னு தெரியல. எவனோ பல வருஷம் எச்சி வடிச்ச பொருள என் தலையில கட்டிட்டு எனக்கு ஹைஜீன் சொல்லித் தர்றாரு. "உள்ள இருக்குற பச்சை அழுக்கு என் எச்சியா ஓனரே, நான் வாங்கி ரெண்டு நாளுதான ஆச்சு"ன்னு கேட்டேன், லைன் கட்.

1915ங்குற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போட்டேன், புகார் பதிவாகி நம்பர் வந்துச்சு. இது வேலைக்கு ஆகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா பத்து நாள்ல கடையில இருந்து அவனாவே போன் பண்ணினான், "மாத்தித் தர்றோம், ஆனா யூஸ் பண்ணினதுக்கு 8,000 கழிச்சுக்குவோம்". யாரு யூஸ் பண்ணினதுக்கு? முடியாதுன்னுட்டேன். இப்ப மாவட்ட நுகர்வோர் கமிஷன்ல போட்டாச்சு. இதுக்கு மெட்ராஸ் அலைய வேண்டியதில்ல, 2019 சட்டப்படி நாம குடியிருக்குற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு ஃபீஸ் கெடையாது, தப்பு நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். எஸ்டிமேட் சீட்டு பலவீனம்தான், ஆனா ஜிபே எண்ட்ரியும் வீடியோவும் அண்ணாச்சி எழுதிக் குடுத்த லெட்டரும் இருக்கு. வக்கீல் பையன் தெம்பா இருக்கான்.

நீங்க போனா ஊதிப் பாத்த பீஸையே கேட்டு வாங்குங்க, பத்து பேரு வாய் வச்சா கழுவிக்கலாம். சீல் போட்ட பொட்டிதான் தருவேன்னு நின்னா கவுண்டர்லயே உடைக்கச் சொல்லுங்க, ரெண்டாவது வால்வுல இருக்குற நம்பர பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா எறங்கி வந்துருங்க. அந்த டைல்ஸ் ரூம விட்டு வெளிய வந்து ஊதுங்க, கூட வந்தவர இருபதடி தள்ளி நிக்கச் சொல்லுங்க. ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு மட்டும் கடைக்காரன்கிட்ட வாய் விட்றாதீங்க, நான் மூணு தடவ சொன்னேன்.

திருவிழாவுக்கு மீரட் கெழவியத்தான் ஊதினேன். மூணாவது வால்வு பெருவிழா அன்னைக்கு சப்பரம் வெளிய வந்த நேரம் பாத்து புடிச்சுக்கிச்சு, ரெண்டு பாட்டு பக்கத்துல நின்ன பையன்தான் தாங்குனான், மாஸ்டர் திரும்பி ஒரு பார்வ பாத்தாரு, அதோட சரி.

மொத வாய்தாவுக்கு கடைக்காரன் தரப்புல யாரும் வரல. புதுப் பொட்டி கட்டிலுக்கு அடியில கெடக்கு. ஊதக் கூடாதுன்னு வக்கீல் பையன் சொல்லிருக்கான், ஊதினா யூஸ் பண்ணிட்டாருன்னு அதையும் கடைக்காரன் எழுதுவானாம். வால்வு புடிச்சுக்கக் கூடாதேன்னு வாரம் ஒருக்கா எடுத்து எண்ணெய் விட்டு, மூணையும் அமுக்கிப் பாத்துட்டு, மறுபடி உள்ள தள்ளி வைக்கேன்.