பீனால் கழிவுநீருக்கு ஈஸ்ட் பொடி: வாங்கலாமா?

பிசின் (ரெசின்) ஆலைக் கழிவுநீரில் உள்ள பீனால் என்ற நச்சு வேதிப்பொருளைத் தின்று தீர்க்கும் என்று சொல்லி உலர் ஈஸ்ட் பொடியைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். உள்ளே சரியான இனம் இருந்தால் நல்ல சரக்குதான். பீனாலைத் தின்னும் ஈஸ்ட் இனங்களான கேண்டிடா டிராபிகாலிஸ், டிரைக்கோஸ்போரான் கியூட்டேனியம் என்று உறையில் பெயர் போட்டிருந்தால் மேற்கொண்டு விலை பேசலாம். வெறுமனே 'ஈஸ்ட் கலவை' என்றிருந்தால் தொடவே வேண்டாம். ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் செல்சுவரில் உலோகத்தைப் பிடித்து வைக்குமே தவிர, பீனாலை உணவாக்கிக்கொள்ளத் தெரியாதது.

பீனால் செல்சவ்வின் கொழுப்பில் கரைந்து அதை ஒழுகவைக்கும், நஞ்சாவது அப்படித்தான். மேற்சொன்ன இனங்கள் பீனால் ஹைட்ராக்சிலேஸ் நொதியால் அதைக் கேட்டிகாலாக்கி, பிறகு வளையத்தை உடைத்து மியூகோனிக் அமிலமாக்கி, சக்தியாகவும் உடலாகவும் மாற்றிக்கொள்கின்றன. இந்த வழியில் மஞ்சள் நிறம் வராது. குடுவை மஞ்சளானால் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா; அதற்கா இந்த விலை?

சோதனைக்கு 250 மி.லி. குடுவை இரண்டு போதும். தாது உப்புக் கரைசல் 50 மி.லி., லிட்டருக்கு 250 மி.கி. பீனால், பி.எச். (அமில-கார அளவு) 5.5, வெப்பம் 30 டிகிரி, நிமிடத்துக்கு 150 சுழற்சியில் குலுக்கல். ஒன்றில் உயிருள்ள பொடி, மற்றதில் கொதிக்கவைத்துக் கொன்ற பொடி. இரண்டாவது குடுவையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பீனால் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் செல்லில் ஒட்டும். அதையெல்லாம் ஈஸ்ட்டின் கணக்கில் எழுதக் கூடாது. பீனாலை நிறம் வரவைத்து அளக்கும் அமினோஆன்டிபைரின் முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று: பீனாலின் உறவான பாரா-கிரெசால் அதில் அகப்படாது. கிரெசால் பிசின் செய்யும் ஆலை அந்த எண்ணை நம்பக் கூடாது.

வெல்லக் கரைசலில் ஊறவைக்கச் சொல்லும் விற்பனையாளர் ஆலோசனைதான் பெரிய கேடு. சர்க்கரை இருக்கும்வரை ஈஸ்ட் பீனால் நொதியைச் சரியாக உண்டாக்காது. நன்றாக நுரைத்துப் பெருகும். அப்படியே பீனால் தொட்டியில் கொட்டினால் செத்துப்போகும். வெல்லத்துக்குப் பதில் பீனாலிலேயே பழக்குங்கள்: லிட்டருக்கு 100, 250, 500, 750 மி.கி. என்று படிப்படியாக ஏற்றுங்கள். முந்தைய படி தீர்ந்த பிறகே அடுத்தது.

தொட்டியில் முதலில் தட்டுப்பாடாவது காற்று. ஒரு கிலோ பீனால் முழுதும் எரிய சுமார் 2.4 கிலோ ஆக்சிஜன் தேவை. ஊட்டத்துக்கு அதே ஒரு கிலோவுக்கு டி.ஏ.பி. (பாஸ்பேட் உரம்) 120 கிராம், யூரியா 210 கிராம் போடலாம். பி.எச். 7-ஐ நெருங்கினால் பாக்டீரியா முந்திவிடும்; 5 முதல் 5.5 வரை வைத்தால்தான் ஈஸ்ட்டுக்கு வாங்கிய காசு நிற்கும். ஈஸ்ட் தனித்தனிச் செல்லாக மிதப்பதால் சீக்கிரம் படியாது, வெளிநீரோடு அடித்துப்போகும். 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டில் கலந்து கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டு மணியாக்கினால் தங்கும். ஆனால் பாஸ்பேட் மிகுந்தால் மணி கரைந்துவிடும், டி.ஏ.பி.யைச் சிறுகச் சிறுகப் போடுவது அதனால்தான்.

உள்நாட்டு நீர்நிலையில் விட பீனால் வரம்பு லிட்டருக்கு 1 மி.கி., பொதுச் சாக்கடைக்கு 5 மி.கி. ஈஸ்ட் சுமையைக் குறைக்கும்; கடைசிச் சில மில்லிகிராமுக்குச் செயலூட்டிய கரித்தொட்டி பின்னால் இருக்கட்டும். கழிவுநீரில் பீனால் லிட்டருக்கு 50 மி.கி.க்குள் வரும் ஆலைக்கு இந்தப் பொடி வீண்செலவு, பீனாலுக்குப் பழகிய பாக்டீரியாச் சேறே போதும்.

டிராபிகாலிஸ் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களைத் தாக்கக்கூடியது. பொடி அள்ளும்போதும் காற்றூட்டும் தொட்டியருகே நிற்கும்போதும் முகக்கவசம், கையுறை கட்டாயம்.