நீளமான எண்கள் சிதையாமல் சிஎஸ்வி ஃபைலைத் திறக்க எந்த வழி நல்லது?

2024071500018347 என்று 16 இலக்கத்தில் ஓர் ஆர்டர் எண். அது உள்ள சிஎஸ்வி ஃபைலை (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்) டபுள் கிளிக் செய்து எக்செல்லில் திறந்தால், எண் 2.02407 என்று சுருங்கிப் பக்கத்தில் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் +15உம் வந்து நிற்கும். விரித்துப் பார்த்தால் 2024071500018340. கடைசி 7 போய்விட்டது. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், மிச்சமெல்லாம் பூஜ்யம். அப்புறம் டெக்ஸ்ட் ஆக்கினாலும் அந்த 7 திரும்பாது. அப்படியே சேவ் செய்தால் ஃபைலுக்குள்ளேயே அந்தச் சுருங்கிய வடிவம் பதிந்துவிடும். அதனால் திறக்கும்போதே தடுக்க வேண்டும்.

எப்போதாவது ஒரு ஃபைல் என்றால் நான் எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கைத்தான் சொல்வேன். சிஎஸ்வியைத் திறந்ததுமே அது ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கிறது. முன்னோட்டத்தில் அந்த நெடுவரிசையைத் தொட்டு, வகையை டெக்ஸ்ட் என்று மாற்றினால் போதும். கேட்டுவிட்டுத் திறப்பது எவ்வளவு பெரிய உதவி! கூகுள் ஷீட்ஸிலும் இம்போர்ட் செய்யும்போது, டெக்ஸ்டை எண்ணாக மாற்றும் டிக்கை எடுத்துவிடலாம். ஆனால் அது ஃபைல் முழுவதற்கும் பொருந்தும், கூட்ட வேண்டிய தொகைகளும் டெக்ஸ்டாகவே வரும்.

தினமும் ஒரே மாதிரி ஃபைல் வந்தால், தரவை உள்ளே கொண்டுவரும் எக்செல்லின் பவர் குவெரி வசதிக்கு ஈடில்லை. டேட்டா டேபில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' போய், 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' கொடுத்து, நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். அப்போது ஒரு கேள்வி வரும்: பழைய வகை மாற்றத்தின் இடத்தில் இதை வைக்கவா, புதிய படியாகச் சேர்க்கவா? 'ரீப்ளேஸ் கரண்ட்' என்பதையே அழுத்துங்கள். புதிய படியாகச் சேர்த்தால், முதலில் எண்ணாக மாறி முன்னால் இருந்த பூஜ்யங்கள் விழுந்த பிறகுதான் டெக்ஸ்ட் ஆகும். ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், அடுத்த நாள் ஃபைலுக்கு ரிஃப்ரெஷ் மட்டும் போதும்.

புதிய எக்செல் 365-இல் ஆப்ஷன்ஸ், டேட்டா பகுதியில் இந்தத் தானியங்கி மாற்றத்தையே அணைக்கலாம். சுலபம்தான், ஆனால் உங்கள் கணினியில் மட்டுமே. அதே ஃபைலை வாங்குபவர் டபுள் கிளிக் செய்தால் பழைய கதை. மதிப்பை மேற்கோள் குறிக்குள் வைத்து அனுப்புவதும் உதவாது, எக்செல் அதைக் கண்டுகொள்ளாது. மேற்கோளுக்கு முன் சமக்குறியும் போட்டால் எக்செல்லில் எண் தப்பும். ஆனால் அந்த ஃபைலைப் படிக்கும் வேறு மென்பொருளுக்குச் சமக்குறியும் சேர்ந்தே போகும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

டெக்ஸ்டாகக் கொண்டுவந்த பிறகும் ஓர் இடத்தில் கவனம் தேவை. பொருந்தும் மதிப்புகளை எண்ணும் கவுண்ட்இஃப் (COUNTIF) சூத்திரம் கொண்டு இரட்டிப்பு தேடினால், அது டெக்ஸ்டையும் எண்ணாக நினைத்து முதல் 15 இலக்கங்களை மட்டுமே ஒப்பிடும். 8341இல் முடிவதும் 8347இல் முடிவதும் ஒன்றென்று சொல்லிவிடும். அதை நம்பி ஒரு வரியை அழித்தால் உண்மையான ஆர்டர் ஒன்று காணாமல் போகும். அந்தச் சோதனைக்கு சம்புராடக்ட் (SUMPRODUCT) சூத்திரத்தில் சமக்குறி வைத்து ஒப்பிடுங்கள், அது 16 இலக்கத்தையும் பார்க்கும்.