அக்சஸ் கற்ற ஆறு ஆண்டுகள்: ஒரு வாசகசாலைக் கணக்கு

எங்கள் குடியிருப்பில் நாங்களே நடத்திவரும் சிறு வாசகசாலையில் சுமார் 2,300 புத்தகங்களும் 180 உறுப்பினர்களும் உண்டு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்றார், எப்போது திருப்பித் தந்தார் என்பதை முதலில் நீள நோட்டிலும், பின்னர் எக்செல் ஷீட்டிலும், 2019 முதல் மைக்ரோசாஃப்ட் அக்சஸிலும் பதிந்து வருகிறேன். அதுவரை கணினியைக் கடிதம் தட்டச்சு செய்வதற்கும் ரயில் டிக்கெட் எடுப்பதற்கும் மட்டுமே பயன்படுத்தி வந்த ஒருவர், யாரிடமும் பாடம் கேட்காமல் ஒரு தரவுத்தள மென்பொருளைக் கற்றுக்கொண்டு ஆறு ஆண்டுகள் அதனோடு புழங்கியதில் கண்டவற்றை இங்கே பதிகிறேன்.

எக்செல் எங்களுக்குப் போதாமல் போனதற்குக் காரணம் அதன் குறைபாடு அன்று. எதை எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும் என்பதுதான். ஒரே உறுப்பினர் "மு.கந்தசாமி" என்றும், "மு. கந்தசாமி" என்றும், "கந்தசாமி மு." என்றும் மூன்று விதமாகப் பதிவாகியிருந்தார். முதலிரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி மட்டுமே வேறுபாடு என்றாலும், வடிகட்டிப் பார்க்கும்போது அவர் மூன்று மனிதராகி, ஒவ்வொருவர் கையிலும் சில புத்தகங்கள் இருப்பதாகக் காட்டியது.

அக்சஸைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை, எக்செல் ஷீட்டை அப்படியே ஒரு டேபிளாக இறக்குமதி செய்ததுதான். பெயர், தொலைபேசி, முகவரி ஆகியவற்றைத் தொடர்ந்து புத்தகம் 1, புத்தகம் 2, புத்தகம் 3 என்று அதில் பத்தொன்பது ஃபீல்டுகள், அதாவது நெடுவரிசைகள், இருந்தன. ஒருவருக்கு மூன்று புத்தகம் என்பது அப்போதைய விதி. கோடை விடுமுறையில் அதை நான்காக உயர்த்தியபோது டேபிளிலும், தேடிக் கேட்கும் குவெரியிலும், விவரங்களை உள்ளிடும் ஃபார்மிலும், அச்சிட்டுப் பார்க்கும் ரிப்போர்ட்டிலும் புதிய ஃபீல்டைச் சேர்க்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, குறிப்பிட்ட ஒரு புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று அறிய நான்கு ஃபீல்டுகளிலும் தேட வேண்டியிருந்தது. விதி மாறும்போது டேபிளின் அமைப்பே மாற வேண்டியிருந்தால் அந்த அமைப்பு பிழையானது என்பது அந்த வாரம்தான் எனக்கு விளங்கியது.

பிறகு கணினியை மூடிவிட்டு, காகிதத்தில் உறுப்பினர், புத்தகம், வழங்கல் என்று மூன்று கட்டங்களை வரைந்தேன். வழங்கல் டேபிளின் ஒவ்வொரு வரிசையும் ஒரு நிகழ்வு: இந்த எண்ணுள்ள உறுப்பினர், இந்த எண்ணுள்ள புத்தகத்தை, இந்தத் தேதியில் எடுத்தார். பெயர் உறுப்பினர் டேபிளில் ஒரே ஓர் இடத்தில் இருக்கும். மற்ற இடங்களில் எண் மட்டுமே இருக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த ரிலேஷனல் முறை இது. ரிலேஷனல் என்ற பெயர் டேபிள்களுக்கு நடுவே நாம் இழுக்கும் கோடுகளிலிருந்து வந்தது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது கணிதத்தில் ரிலேஷன் எனப்படும் கருத்திலிருந்து வந்தது. டேபிளே அந்த ரிலேஷன்.

இந்த மூன்று கட்டங்களிலும் ஒரு பிழை ஒளிந்திருந்ததை மூன்றாம் ஆண்டில்தான் கண்டேன். ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் எங்களிடம் இருந்தன. புத்தகம் என்று நான் வைத்திருந்த டேபிள் நூலைக் குறிக்கிறதா, அலமாரியில் நிற்கும் பிரதியைக் குறிக்கிறதா என்று நான் முடிவு செய்திருக்கவே இல்லை. தலைப்பும் பதிப்பகமும் நூலுக்கு உரியவை. கிழிந்த அட்டையும் காணாமல் போன பக்கமும் பிரதிக்கு உரியவை. இரண்டையும் பிரித்து, பழைய வழங்கல் பதிவுகளைப் பிரதி எண்ணோடு மறுபடி இணைக்க ஏழெட்டு மாலைகள் பிடித்தன. புதிதாகத் தொடங்குகிறவர் ஃபார்மின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இத்தகைய கேள்விக்குக் கொடுத்தால் பின்னால் அந்த மாலைகள் மிச்சமாகும்.

ஃபீல்டின் வகையைத் தேர்வதிலும் அடிபட்டேன். தொலைபேசி எண் என்பதால் நம்பர் வகையைத் தேர்ந்து, அதற்கு இயல்பாக அமையும், முழு எண்களுக்கான லாங் இன்டிஜர் அளவையே விட்டுவைத்தேன். அந்த அளவு தாங்கக்கூடிய மிகப்பெரிய எண் 2,147,483,647. நம் கைப்பேசி எண்களோ பத்து இலக்கம் கொண்டவை, அவற்றின் முதல் இலக்கம் ஆறிலிருந்து ஒன்பதுக்குள் இருக்கும் என்பதால், ஒன்றைக்கூட உள்ளிட முடியவில்லை. கூட்டவோ கழிக்கவோ போகாத எண் எதுவாயினும் அது டெக்ஸ்டாகவே இருக்க வேண்டும் என்று அன்றே சுவரில் எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு வரிசைக்கும் அக்சஸ் தானாகவே எண் இடும் ஆட்டோநம்பரைப் பற்றியும் ஒரு சொல்: புதிய வரிசையில் எழுதத் தொடங்கிவிட்டு எஸ்கேப் விசையை அழுத்தினால் அந்த எண் வீணாகிவிடும்; 211க்கு அடுத்தது 213 என்று நிற்கும். தணிக்கைக்கு வந்த சங்கப் பொருளாளர் 212 எங்கே என்று கேட்டபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதன் பிறகு புத்தகத்தில் முத்திரையிடும் வரிசை எண்ணைத் தனி ஃபீல்டாக வைத்து நானே இடுகிறேன்.

தமிழில் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். டேபிளிலும் ஃபார்மிலும் யூனிகோட் தமிழ் எந்தத் தொல்லையும் இன்றி நிற்கிறது; ஆனால் நிரல் எழுதும் வி.பி.ஏ. சாளரம் யூனிகோடை ஏற்பதில்லை என்பதால் அங்கே தட்டும் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடும். எனவே ஃபீல்டுகளுக்கு ஆங்கிலப் பெயரை வைத்து, ஃபார்மில் தெரியும் லேபிளை மட்டும் தமிழில் அமைப்பதே நல்லது. அடுத்தது, ஔவையார் என்பதை ஒருவர் ஔகாரத்திலும் இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்தும் தட்டினால் பார்வைக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஆசிரியர் பெயர்களைத் தனி டேபிளில் வைத்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்ததற்கு இதுவே காரணம்.

குவெரிகளே எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தவை, மிகுந்த குழப்பத்தையும் தந்தவை. திரும்பி வராத புத்தகங்களைப் பார்க்க, திரும்பிய தேதி நல் (Null, அதாவது எதுவும் பதியாத வெற்றிடம்) என்பதற்குச் சமம் என்று சமக்குறியிட்டு எழுதினேன். ஒரு வரிசையும் வரவில்லை. வெற்றிடம் எதற்கும் சமமாகாது, தனக்கேகூடச் சமமாகாது என்பதால் இஸ் நல் (Is Null) என்றுதான் கேட்க வேண்டுமாம். தேதியில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. குவெரியைக் கட்டளை வரிகளாக எழுதும் எஸ்.க்யூ.எல். சாளரத்தில் 03/04/2024 என்று எழுதினால் அக்சஸ் அமெரிக்க வழக்கப்படி அதை மார்ச் 4 என்று கொள்ளும். 13/04/2024 என்று எழுதினாலோ பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் சத்தமின்றி ஏப்ரல் 13 என்று கொள்ளும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களின் கணக்கு மட்டும் பிழையாக வருவதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

அதே குவெரியில்தான் வாசகசாலையையே மாற்றிய ஒன்றையும் கற்றேன். இரண்டு டேபிள்களை இணைக்கும் கோடு, இயல்பாக, இரு பக்கமும் பொருந்தும் வரிசைகளை மட்டுமே காட்டும். அந்தக் கோட்டை இருமுறை சொடுக்கி, புத்தகங்கள் அனைத்தையும் காட்டு என்ற தேர்வை இட்டு, வழங்கல் பக்கம் வெற்றிடமாக உள்ளவற்றை வடிகட்டியபோது, பதியத் தொடங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட எவரும் எடுக்காத 640 பிரதிகளின் பட்டியல் வந்து நின்றது. பெரும்பாலானவை மேல் தட்டில், நாற்காலி போட்டால்தான் எட்டும் இடத்தில் இருந்தவை. அவற்றைக் கண்மட்டத்துக்கு இறக்கி வைத்தோம்.

டேபிள்களுக்கு இடையே ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டியை (ஒரு டேபிள் சுட்டும் எண் மற்ற டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை) இயக்கிய பின், வழங்கல் டேபிளில் பதிவு உள்ள உறுப்பினரை நீக்க முயன்றால் மென்பொருள் மறுத்துவிடும். முதல் சில மாதங்கள் இந்த மறுப்பு எரிச்சலூட்டியது; இன்று இதற்காகவே அக்சஸை வைத்திருக்கிறேன் என்று சொல்வேன். ஆனால் அதன் அருகிலேயே இருக்கும் கேஸ்கேட் டிலீட் பெட்டியில் பொருள் புரியாமல் டிக் இட்டால், உறுப்பினரோடு அவருடைய வழங்கல் வரலாறும் சேர்ந்தே அழிந்துபோகும். நான் இட்டேன். முந்தைய ஞாயிற்றுக்கிழமை எடுத்த பென் டிரைவ் நகல்தான் காப்பாற்றியது.

குறைகளும் உண்டு. ஃபைலின் அளவு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அது ஒரு பொருட்டே அன்று, ஆறு ஆண்டுப் பதிவுகளும் 40 எம்பிக்குள் அடங்கிவிட்டன. மேக் கணினியில் அக்சஸ் கிடையாது. பதிவுகளை நீக்கினாலும் ஃபைல் தானாகச் சுருங்காது என்பதால் மாதம் ஒருமுறை காம்பேக்ட் அண்டு ரிப்பேர் செய்ய வேண்டும். இரண்டு வீடுகளிலிருந்து பயன்படுத்த எண்ணி ஃபைலை இணையச் சேமிப்புக் கோப்புறை ஒன்றில் வைத்தோம். ஒரே நேரத்தில் இருவர் திறந்ததில் இரண்டு முரண்பட்ட நகல்கள் உருவாகி, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து ஒப்பிட வேண்டியதாயிற்று. அந்த வகைப் பகிர்வுக்கு இது ஏற்ற கருவி அன்று. காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்கு லிப்ரெஆபிஸ் பேஸ் இருக்கிறது. டேபிள், குவெரி, ஃபார்ம், ரிப்போர்ட் என்ற அதே நான்கு பாகங்கள்தான் அதிலும். கற்பதற்கு அதுவே போதும் என்பேன், ஆனால் ஃபார்ம் அமைப்பதில் அக்சஸின் வேகம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற மாதம் முதல் எதிர்வீட்டுக் கல்லூரி மாணவி ஒருவர் மாலையில் வந்து பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறார். அவரை முதல் வாரம் கணினியைத் தொட விடாமல், வாசகசாலையின் தாமதக் கட்டண விதியைக் காகிதத்தில் டேபிளாக வரைந்து காட்டச் சொன்னேன். கட்டணத் தொகை உறுப்பினர் டேபிளில் வர வேண்டுமா, வழங்கல் டேபிளில் வர வேண்டுமா, அல்லது எங்கும் சேமிக்காமல் தேதிகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். இந்த மூன்றாவது வழி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. இப்போது அப்படித்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.